பழைய துறைமுகத் தெரு

துறைமுகப் பட்டினம் என்றவுடன் நம் மனக்கண் முன் தோன்றுவன நாவாயும் கலங்கரை விளக்கமும் பண்டப் பொதிகளுமே. அத்துறையை ஒட்டிய தெருக்களில் அடுப்பு மூட்டி, நீர் சுமந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கனுப்பி வாழும் மக்கள் எளிதில் நினைவுக்கு வருவதில்லை. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தை அடுத்த அத்தகையதொரு தெருவில் எம் குடும்பத்தார் 2022ஆம் ஆண்டு முதல் வசித்து வருகின்றனர். ஆதலின் அதுபற்றிச் சில கூற விழைகின்றேன்.

எமது சொந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டத்தின் உட்பகுதியில் உள்ள ஒரு சிற்றூர். கண்மாயன்றிப் பெருநீர்ப் பரப்பொன்றை யான் சிறு பருவத்தில் கண்டதில்லை. எனினும் தூத்துக்குடி என்னும் பெயர் எம் இல்லத்தில் பழகிய பெயரே. இம்மாவட்டத்தினின்று கங்காணிமார் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு அழைத்துச் சென்றோருள் பலர் தூத்துக்குடியில் கப்பலேறியே கொழும்பை அடைந்தனர். எம் பாட்டனாரின் தந்தையாரும் அவருள் ஒருவர். 1964ஆம் ஆண்டு சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பயனாகத் தாயகம் மீண்ட குடும்பம் எம்முடையது. தந்தையார் உத்தியோக மாற்றம் பெற்றுத் தூத்துக்குடிக்குப் புறப்பட்டபொழுது, "நம்மை ஏற்றி அனுப்பின கரைக்கே திரும்பப் போகிறீர்களா?" என்று பாட்டியார் நகைத்தது இன்றும் என் செவியில் ஒலிக்கின்றது.

யாங்கள் குடியிருப்பது முற்காலத்தில் பஞ்சுப் பொதி அடுக்கிய ஒரு கிட்டங்கி. பண்டகசாலையை இவ்வூரார் கிட்டங்கி என்பர். இடையே சுவர் எழுப்பி நான்கு வீடுகளாக்கியுள்ளனர். வெளிச்சுவர் இரண்டு முழ அகலம்; சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியுண்டு. அச்சுவரின் கல் மலையினின்று வந்ததன்று. மன்னார்க் குடாக் கடலில் வெட்டியெடுத்த பவளப்பாறைக் கல். அங்ஙனம் பல்லாண்டு வெட்டியதன் விளைவாகத் தூத்துக்குடிக்கு அண்மையிலிருந்த விலாங்குசல்லித் தீவு கடலுள் அமிழ்ந்தது. எம் வீட்டுச் சுவரில் சங்கின் சுவடு காணும்போதெல்லாம் ஒரு தீவின் துண்டில் சாய்ந்திருக்கின்றோம் என்னும் எண்ணம் எழும்; அது முற்றிலும் இன்பமான எண்ணமன்று.

பாண்டி நாட்டுக் கடற்கரையில் துறைகள் ஓரிடத்தில் நின்றதில்லை. பண்டு முத்துக்குப் பெயர்பெற்ற கொற்கை, தாமிரபரணி கொணர்ந்த வண்டலால் தூர்ந்து, இன்று கடலினின்று சில கிலோமீட்டர் உள்ளே ஒரு சிற்றூராய்க் கிடக்கின்றது. அதன்பின் வாணிகம் காயலுக்குச் சென்றது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டது அந்தக் காயலையே. பேராயர் கால்டுவெல் 19ஆம் நூற்றாண்டில் இவ்விரண்டிடங்களையும் அகழ்ந்து ஆராய்ந்தமை தமிழ் மாணவர் அறிந்ததே. காயலும் தூர்ந்தபின் தூத்துக்குடி தலையெடுத்தது. இங்கும் கரையோரம் ஆழமில்லை. பெருங்கப்பல்கள் பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே பண்டங்களைச் சுமந்து திரிந்தன. தோணிக்காரர், சுமை தூக்குவோர், பாய் தைப்போர், பஞ்சு அழுத்துவோர் எனத் தெருத்தெருவாக மக்கள் குடியேறியது அதனாலேயே. கடலுள் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீண்ட இரு அலைதடுப்புச் சுவர்களுடன் புதிய துறைமுகம் எழுந்து, 1974 சூலை 11இல் பெருந்துறைமுகமென அறிவிக்கப்பட்டது. கப்பல்கள் கரையை அணைந்தன. தோணிகளுக்கிருந்த வேலையிற் பெரும்பகுதி போயிற்று. மாலத்தீவிற்குப் பண்டமேற்றிச் செல்லும் சில தோணிகளே பழைய துறையில் எஞ்சியுள்ளன. துறை பெயர்ந்தது, தெருவார் பெயர்ந்திலர். எங்ஙனம் பெயர்வர்?

1888இல் ஹார்விமார் தொடங்கிய கோரல் மில்லில் 1908 பிப்ரவரி 27ஆம் நாள் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் முன்னின்றனர். கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்றனர். தலைவர் இருவரும் மார்ச்சு 12இல் சிறைப்பட்டதும், பிள்ளையவர்கள் செக்கிழுத்ததும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 2011இல் துறைமுகத்திற்கு அவர் பெயரே சூட்டப்பட்டது, மிகவும் தகும். ஆயின் அன்று ஆலையைவிட்டு வெளியேறி நின்றோர் ஆயிரத்திற்கு மேற்பட்டோர். பட்டினி கிடக்கத் துணிந்த அவர்களுள் பத்துப் பேரின் பெயரையேனும் நம்மிற் சொல்ல வல்லார் யார்? அவர்தம் பேரப் பிள்ளைகள் இத்தெருக்களில் இன்னும் இருக்கக்கூடும்.

இத்தெருக்களைப்பற்றி இருவகைக் கருத்துக்களைக் கேட்கின்றேன். பாழடைந்தவற்றை இடித்து மாடிகள் கட்டுக என்பர் ஒரு சாரார். வண்ணம் பூசி விளக்கேற்றிச் சுற்றுலா வருவோர்க்குக் காட்டுக என்பர் மற்றொரு சாரார். ஞாயிற்றுக்கிழமைகளில் படக்கருவியுடன் வந்து, வாயிலிற் காயும் எம் துணிகளைச் சற்றே விலக்கச் சொல்வோர் இவரே. இரு சாராரும் உள்ளே குடியிருப்போரை ஒரு சொல் கேட்டாரல்லர். பழமை இனிது என்று யானும் முழங்கமாட்டேன். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களிற் பெய்த பெருமழையில் எம் இல்லத்துள் முழங்காலளவு நீர் நின்றது. வடிந்தபின் ஆறு மாதம் சுவரில் உப்புப் பூத்தது. தங்கைக்கு இருமல் நீங்கவில்லை. கட்டடத்தைக் காக்க விரும்புவோர் முதற்கண் அதன் வாயிலில் ஓடும் சாக்கடையைச் சீர்செய்யட்டும். கூரையைச் செப்பனிட வீட்டுக்காரருக்குப் பொருளுதவி கிடைக்க வழி தேடட்டும். ஒரு தெருவிற் குடியிருப்பதற்குரிய வசதியும் செய்வதற்குரிய தொழிலும் இருக்குமாயின், அத்தெருவைக் காக்க வேறொரு சட்டமும் பெரும்பாலும் வேண்டுவதில்லை என்பது என் துணிபு.

சென்ற ஆண்டு எம் வீட்டையடுத்த கிட்டங்கியை இடித்தனர். மூன்று நாளில் எல்லாம் முடிந்தது. அளவெடுத்தாரில்லை, படம் வரைந்தாரில்லை. எதிர்வீட்டு முதியவர் ஒருவர், தோணியில் தண்டலாயிருந்தவர், குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து, "தம்பி, இதைக் கொண்டு வந்த வள்ளத்தில் எங்க ஐயாவும் வந்திருப்பார்" என்றார். அன்று முதல் மாலைதோறும் அவர் திண்ணையில் அமர்ந்து அவர் சொல்லும் சொற்களை எழுதி வருகின்றேன். வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்கு ஒரு வரிசை. பாய்க்கும் கயிற்றுக்கும் முடிச்சுக்கும் வெவ்வேறு வரிசைகள். நெய்தல் திணையை ஏட்டில் மூன்றாண்டு பயின்றும் யான் அறியாத சொற்கள் அவை. அவருக்கு வயது 83. அவர் மைந்தரோ புதிய துறைமுகத்தில் பாரவண்டி ஓட்டுகின்றார். அச்சொற்கள் அவருக்கு வேண்டப்படுவதில்லை.

நம் கல்லூரியில் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி முதலிய கடற்கரையூர்களினின்று வந்து பயில்வோர் உளர். அவ்வூர்களிலும் முதியோர் உளர். வரும் கோடை விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்த் துறையில் வழங்கும் தொழிற்சொற்களையும், இடிபடும் நிலையிலுள்ள பழங்கட்டடங்களின் அளவுகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக் கொணர்தல் அரியதொன்றன்று. விருப்பமுள்ளோர் விடுமுறைக்கு முன் தமிழ்ச் சங்கச் செயலாளரிடம் தம் பெயரைக் கொடுக்க வேண்டுகின்றேன்.