அமிழ்ந்த பெடல்

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்துடன் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளுள் பாதியைக் கடந்திருப்போம். நமது பழைய அம்பாசிடரின் பிரேக் பெடல் வழக்கத்தினும் ஆழமாக அமிழ்ந்தது. இருமுறை மிதித்த பின்னரே பிடித்தது. பின்னிருக்கையில் குழந்தைகள் பாடிக்கொண்டிருந்தனர். கியரைக் குறைத்து ஊர்ந்து அடிவாரம் சேர்ந்தோம். முகப்பிலிருந்த புனித கிறிஸ்தோபர் படத்துக்கு நன்றி கூறிய நம் வாய், பல மாதங்களாகப் பிரேக் ஆயில் குறைந்து வந்ததைக் கண்டும் காணாதிருந்ததை ஒருவரிடமும் கூறவில்லை.

மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது செலுத்தும் அழுத்தம் எத்திசையிலும் குறையாது பரவும் என்பது பாஸ்கல் கண்ட விதி. (1654 நவம்பர் 23 இரவு பெற்ற இறையனுபவத்தை எழுதி, தம் மேலங்கியின் உள்துணியில் தைத்து வைத்திருந்தாரே, அதே பாஸ்கல்தான்.) அவ்விதியே நம் கால் மிதியை நான்கு சக்கரங்களுக்கும் கொண்டு செல்கிறது. ஆனால் பழைய வண்டிகளில் நான்கிற்கும் ஒரே ஆயில் வழி. ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் நான்கும் கைவிடும். பின் கை பிரேக் ஒன்றே மிச்சம்.

வீட்டிலேயே பழுது பார்க்க முனைந்தோம். வண்டியை ஜாக்கியில் மட்டும் விடாமல், உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்தி டிரம்மைக் கழற்றினோம். பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். ஆதலால் தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தோம். பின்சக்கரம் ஒன்றின் வீல் சிலிண்டரில் ரப்பர் கப் நைந்திருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அவ்வீரமே உட்சுவரை அரித்துத் துருக்குழிகள் செய்திருந்தது. இங்கே பெட்ரோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவுதல் பெரும் பிழை. ரப்பர் உப்பிக் கெடும். புதிய பிரேக் ஆயிலாலேயே கழுவி, கப்பின் உதடு ஆயிலை நோக்கியிருக்கப் பொருத்த வேண்டும்.

இவ்வளவும் அறிந்த நாம், குழிவிழுந்த சிலிண்டரை மாற்றினோமா? இல்லை. உப்புத்தாளால் தேய்த்து, புது ரப்பரிட்டு, மிச்சம் பிடித்த பெருமையுடன் மாட்டினோம். எட்டாம் நாள் பூசைக்குச் செல்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. டிரம்மைத் திறந்தால் லைனிங் முழுதும் ஆயில்! சிலிண்டரின் விலையை மிச்சம் பிடிக்கப் போய், அத்துடன் இரு சக்கரங்களின் லைனிங்கையும் வாங்கினோம். இல்லத்தரசி ஏதும் சொல்லவில்லை. பிள்ளைகளை மட்டும் பேருந்தில் அழைத்துச் சென்றார்.

புதிய சிலிண்டர் மாட்டியதும் காற்று எடுக்க இருவர் வேண்டியிருந்தது. அவரே வந்து பெடலில் கால் வைத்தார். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவான இடப் பின்சக்கரத்தில் தொடங்கினோம். "மிதி", "பிடி" என்று நாம் கூற, நிப்பிளைத் திறந்து, அவர் காலை எடுக்குமுன் மூடினோம். கண்ணாடிக் குப்பியில் குமிழிகள் குறைந்து, நின்றன. நான்கு சக்கரங்களும் முடிந்தபின் பெடலை முழு வலுவுடன் அழுத்தி, நெடுநேரம் அப்படியே பிடித்திருந்தார். அது அமிழவில்லை. "ஞாயிறு பார்ப்போம்" என்றார்.