மாற்றார் கொள்கை

பௌத்தக் காப்பியமான குண்டலகேசி இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. அதன் கதையை நாம் அறிவதோ, அதனை மறுக்க எழுந்த சமண நூலாகிய நீலகேசியின் உரைவழியே! நீலகேசியின் சொற்கள் மென்மையானவை அல்ல, ஏளனமும் உண்டு. எனினும், மாற்றார் கொள்கையை எடுத்துரைத்தே மறுக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியாரும் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கைகளைப் பரபக்கத்தில் கூறி மறுத்த பின்னரே தம் கொள்கையைச் சுபக்கத்தில் நிறுவினார்.

இத்தகைய வாதங்களால் சமயங்கள் ஒன்றாகிவிடவில்லை. ஆயினும், பிற சமயத்தைக் கல்லாமல் எவரும் அதனை மறுக்க இயலவில்லை. பகைவரையும் அருகிருத்திய அக்கல்வி, கல்லாமலே காட்டும் சகிப்புத்தன்மையினும் மேலானது என்பேன். நம் வகுப்பறை விவாதங்களிலும், ‘எம் கருத்து இதுவே’ என எதிரணியினர் ஒப்புமாறு அவர்கள் தரப்பை முதலில் நாமே எடுத்துரைக்கலாம். மறுப்பு அதன்பின் தொடங்கட்டும்.