பந்தைப் பிடுங்கியது யார்?

சென்ற இதழில் வெளியான பேஸ்பால் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, பதில் எழுதாமல் விடக் கூடாது என்று தோன்றியது. பந்து வீசும் இன்றைய பிட்சர்களாலும் 300 வெற்றிகளை எட்ட முடியுமாம்; எட்டாததற்குக் காரணம் அவர்களுடைய சோம்பலும், உடம்பு நோகாமல் சம்பளம் வாங்கும் புத்தியும்தானாம். முடிவும் தவறு, காரணமும் தவறு. முழங்கையில் தையல் தழும்போடு ஆடிக்கொண்டிருப்பவர்கள் மேல் போட்ட வீண்பழி இது.

அடிப்படையிலிருந்து தொடங்குவோம். கிரிக்கெட்டில் விக்கெட் பந்துவீச்சாளர் கணக்கில் சேரும், வெற்றி அணிக்குப் போகும். பேஸ்பாலில் அணியின் வெற்றியையே ஒரு பிட்சரின் பெயரில் எழுதுகிறார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சருக்கு அது கிடைக்க வேண்டுமானால் அவர் குறைந்தது 5 இன்னிங்ஸ் வீச வேண்டும். வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும். பிறகு வருகிறவர்கள் அந்த முன்னிலையைக் கோட்டைவிடக் கூடாது. இந்த மூன்றில் கடைசி இரண்டும் என்றைக்குமே அவர் கையில் முழுதாக இருந்ததில்லை. இன்று முதலாவதும் இல்லை.

2020 அக்டோபர் 27, வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். டாம்பா பே ரேஸ் அணியின் பிளேக் ஸ்நெல் ஆறாவது இன்னிங்ஸில் வீசிக்கொண்டிருக்கிறார். அதுவரை 73 பந்துகள், 9 ஸ்ட்ரைக் அவுட்டுகள். எதிரணியான டாட்ஜர்ஸ் அடித்தது இரண்டே ஹிட். அவர்களுடைய முதல் மூன்று பேட்டர்களும் ஆளுக்கு இரண்டு முறை வந்து, ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட். ரேஸ் 1-0 என்று முன்னிலை. இரண்டாவது ஹிட் விழுந்ததும் மேனேஜர் கெவின் கேஷ் மைதானத்துக்குள் நடந்து வந்து பந்தை வாங்கிக்கொண்டார். ஒரே பேட்டர் மூன்றாம் முறை அதே பிட்சரைச் சந்தித்தால் அடித்துவிடுவார் என்பது அணியின் கணக்கு. ஸ்நெல்லின் முகத்தில் ஆத்திரம் அப்பட்டமாகத் தெரிந்தது. அடுத்து வந்தவர் வீச, சில நிமிடங்களில் முன்னிலை பறிபோனது. டாட்ஜர்ஸ் 3-1 என்று வென்று கோப்பையையும் தூக்கியது. அன்று ஸ்நெல் சோம்பிப் போனாரா? கட்டுரையாளர் சொல்லட்டும்.

அவர் பெரிதாகக் காட்டும் எடுத்துக்காட்டு ஸ்டீவ் கார்ல்டன். 1972இல் பிலடெல்பியா பில்லீஸ் வென்ற 59 ஆட்டங்களில் 27 அவருடையவை. அது மகத்தான சாதனை, மறுப்பேதுமில்லை. ஆனால் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பதையும் சொல்ல வேண்டாமா? கார்ல்டன் அந்த ஆண்டு 41 ஆட்டங்களைத் தொடங்கினார். 30 ஆட்டங்களைக் கடைசிவரை அவரே முடித்தார். 9 இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்த ரன் சராசரி 1.97. இப்போது 2025க்கு வாருங்கள். பிட்ஸ்பர்க் பைரட்ஸின் பால் ஸ்கீன்ஸுக்கும் அதே 1.97. அவருக்குக் கிடைத்தது 32 ஆட்டங்கள். கணக்கில் சேர்ந்தது 10 வெற்றி, 10 தோல்வி. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்ற பருவத்தில்! இரண்டு ஆண்டுகளில் அவர் சேர்த்தது 21 வெற்றிகள். ஆண்டுக்குப் பத்து என்று போனால் மீதி 279க்கு இன்னும் 28 ஆண்டுகள் வேண்டும். அப்போது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கார்ல்டன் 346 இன்னிங்ஸ் வீசினார், ஸ்கீன்ஸ் 187தானே வீசினார் என்று கேட்கலாம். ஐந்து பிட்சர்களைச் சுழற்சியில் வைப்பதும், நூறு பந்தை நெருங்கினால் ஆளை மாற்றுவதும் நிர்வாகத்தின் முடிவுகள். ஸ்கீன்ஸ் கேட்டு வாங்கிய ஓய்வு அல்ல அது.

அடுத்து, மருத்துவம் வளர்ந்துவிட்டதால் கை இன்னும் பல ஆண்டு தாங்கும் என்ற வாதம். 2008இல் மணிக்கு 91.3 மைலாக இருந்த வேகப்பந்தின் சராசரி 2024இல் 94.2 மைல். ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு வீசு, ஐந்தாறு இன்னிங்ஸ் போதும் என்றுதான் இன்று பழக்குகிறார்கள். அந்த இழுப்பை முழங்கைத் தசைநார் தாங்குவதில்லை. 2023இல் 20 வெற்றிகள் பெற்ற அட்லாண்டாவின் ஸ்பென்சர் ஸ்ட்ரைடர், அடுத்த பருவத்தில் இரண்டே ஆட்டங்களோடு அறுவை சிகிச்சைக்குப் போனார். 2024லும் 2025லும் ஒருவர்கூட 20 வெற்றியைத் தொடவில்லை. அறுவை சிகிச்சை கையைத் திருப்பித் தரும், போன பருவத்தைத் தராது. அந்தச் சிகிச்சைக்குப் பெயர் தந்த டாமி ஜானே அதற்குப் பிறகு 164 வெற்றிகள் குவித்தும் 288இல் நின்றுபோனார்.

300 இனி யாராலும் ஆகாது என்று முன்பும் சொன்னார்கள், பிறகு ஆட்கள் வந்தார்களே என்கிறார் கட்டுரையாளர். 1963இல் ஏர்லி வின் 300ஐத் தொட்ட பிறகு, 1982இல் கேலார்ட் பெர்ரி தொடும்வரை 19 ஆண்டு இடைவெளி இருந்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் பெர்ரி, நீக்ரோ, கார்ல்டன், சட்டன், ரயன், சீவர் என்று ஆறு பேர் ஆண்டுக்கு 35, 40 ஆட்டங்கள் தொடங்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு பேரும் 300ஐத் தாண்டினார்கள். விளைச்சல் வயலிலேயே நின்றது, அறுவடைக்குத்தான் காத்திருந்தார்கள். இன்று வயலில் யார் இருக்கிறார்கள்? 2009இல் ராண்டி ஜான்சன் 24ஆவது ஆளாக அந்தப் பட்டியலில் சேர்ந்தார். பிறகு ஒருவரும் இல்லை. 2025 பருவம் முடிந்தபோது 266 வெற்றிகளோடு நின்ற ஜஸ்டின் வெர்லாண்டருக்கு 43 வயது நெருங்கிவிட்டது. அந்தப் பருவத்தில் அவர் 29 ஆட்டங்கள் தொடங்கி, 3.85 என்ற கௌரவமான சராசரியோடு வீசினார்; கிடைத்தது 4 வெற்றி. ஓய்வு பெறாதவர்களில் அவருக்கு அடுத்த மேக்ஸ் ஷெர்சர் அப்போது 221இல் நின்றார். அவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. இளையவர்களில் ஒரு பெயரையாவது கட்டுரையாளர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனென்றால் இல்லை.

300 என்ற எண்ணை நான் இழிவாகப் பேசவில்லை. அதை எட்டிய 24 பேரும் வணங்கத் தக்கவர்கள். ஆனால் அந்த அளவுகோலை இன்றைய பிட்சர் தோளில் வைத்து, குள்ளம் என்று தீர்ப்பெழுதுவது அநியாயம். 2018இல் வெறும் 10 வெற்றிகளே பெற்ற ஜேக்கப் டிகிராமுக்கு, அவருடைய 1.70 சராசரியைப் பார்த்து சை யங் விருது கொடுத்தார்களே, அவர்களுக்கு இருந்த தெளிவு கட்டுரையாளருக்கும் வர வேண்டும். சோம்பல் என்ற சொல்லை அவர் திரும்பப் பெற வேண்டும். வீசத் துடிக்கிறவனின் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டு, ஏனடா வீசவில்லை என்று அவனையே கேட்பது என்ன நியாயம்?