தவம் செய்யும் பூனை

சென்ற மாதம் எங்கள் பள்ளி மாணவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பெரிய பாறைச் சிற்பத்தின் எதிரே நின்றதும் பிள்ளைகள் இரு கட்சியாகப் பிரிந்து விட்டார்கள். ஒற்றைக் காலில் நின்று தவம் புரிகிறவன் அர்ஜுனன் என்றது ஒரு கட்சி. பகீரதன் என்றது மற்றொன்று. முன்னவர்கள் வரமளிக்கும் சிவபெருமானையே சுட்டிக் காட்டினார்கள்; பின்னவர்கள் பாறைப் பிளவிலுள்ள நாகர்களை விட்டு அகலவில்லை. அறிஞர்களுக்குள்ளேயே தீராத வழக்கு அது. ஆனால் ஒரு விஷயம் என் மனத்தில் தைத்தது. தன் கட்சிக்கு விரோதமான அடையாளம் ஏதேனும் உண்டா என்று ஒரு பிள்ளைகூடத் தேடவில்லை!

கல்லைப் பற்றிய வழக்கில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. காசைப் பற்றிய விஷயத்திலோ இதே குணம் குடும்பத்தைக் கவிழ்த்துவிடும்.

செங்கற்பட்டுக்கு அருகே பரனூரில், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலே, இன்போஸிஸ் முதலிய கம்பெனிகளின் கட்டிடங்களைத் தினந்தோறும் பார்க்கிறோம். நம் ஊர்ப் பிள்ளைகளும் பெண்களும் அத்தகைய இடங்களில் வேலை பார்க்கிறார்கள். ஆகையால் கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்குகளிடம் நமக்கு உறவினரிடம் உள்ளது போன்ற ஒரு பிரியம். நம் நாட்டார் உலகச் சந்தையில் வென்ற பெருமையும் அதனுடன் சேர்ந்து கொள்கிறது. தேசாபிமானம் மிக நல்லதுதான். ஆனால் அது கணக்குத் தணிக்கை ஆகாது. 1993-இல் இன்போஸிஸ் பங்கை 95 ரூபாய்க்கு வாங்கியவர்கள் செல்வரான கதை வீட்டுக்கு வீடு தெரியும். 2000-ஆம் ஆண்டில் வானளாவ ஏறி, பிறகு இருந்த இடம் தெரியாமற்போன ஸாப்ட்வேர் கம்பெனிகளின் பெயரைக் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

நானும் இதற்கு விலக்கல்ல. சில வருஷங்களுக்கு முன் ஒரு கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். கம்பெனியின் பெயர் எதற்கு? குற்றம் என்னுடையது. அதைப் புகழ்ந்த கட்டுரைகளை இருமுறை படித்தேன். குறை கூறியவற்றைத் தலைப்போடு நிறுத்திக் கொண்டேன். விலை ஏறினால், "அப்போதே சொன்னேனே!" என்பேன். இறங்கினால், "மலிவாகக் கிடைக்கிறது, இன்னும் வாங்கலாம்" என்பேன். ஏற்றமும் எனக்குச் சாட்சி. இறக்கமும் எனக்குச் சாட்சி! எது நடந்தாலும் நம் அபிப்பிராயமே ருசுவாகுமானால் அது அபிப்பிராயமன்று, பிடிவாதம். பெண்ணின் படிப்புக்கென்று வைத்திருந்த தொகையில் பாதி கரைந்த பிறகே இது எனக்கு விளங்கிற்று.

தேசம் முழுதும் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. ஹைதராபாத்தில் 1987-இல் தோன்றிய சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு, 2008 செப்டம்பரில், நல்ல நிர்வாகத்துக்கான 'தங்க மயில்' விருது கிடைத்தது. அவ்வருஷம் டிசம்பர் 16-ந் தேதி, தலைவரின் குடும்பத்தாருக்குச் சொந்தமான மேடாஸ் என்னும் இரு கம்பெனிகளைச் சத்யம் வாங்கப் போவதாக அறிவிப்பு வந்தது. முதலீட்டாளர்கள் கூக்குரலிடவே, சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. நம்ப விரும்புகிறவனுக்கு அப்போதும் ஒரு சமாதானம் அகப்படும்: "தவற்றைத் திருத்திக் கொண்டார்களே!" 2009 ஜனவரி 7-ந் தேதி தலைவர் ராமலிங்க ராஜுவே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை! சுமார் 179 ரூபாயாக இருந்த பங்கு அன்று ஒரே நாளில் 40 ரூபாய்க்கு வந்தது.

தணிக்கையாளர் பிடிக்காத மோசத்தைப் பள்ளி ஆசிரியர் பிடித்திருக்க முடியுமா? முடியாதுதான். ஆனால் டிசம்பர் மாதத்து அறிகுறி யாவருக்கும் தெரிந்தது. அதை எப்படி எடை போட்டோம் என்பதே கேள்வி.

1960-இல் லண்டனில் பீட்டர் வாஸன் என்னும் உளநூலார் வெளியிட்ட ஒரு சோதனையை நான் வகுப்பில் செய்து பார்ப்பதுண்டு. 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை. அவ்விதியைக் கண்டுபிடிக்க வேண்டும். வேறு எண்களைச் சொன்னால், அவை விதிக்குப் பொருந்துமா இல்லையா என்று நான் சொல்வேன். பிள்ளைகள் 8, 10, 12 என்பார்கள். 20, 22, 24 என்பார்கள். "பொருந்தும்" என்றதும், "இரண்டிரண்டாகக் கூடுவதே விதி" என்று மார்தட்டுவார்கள். உண்மையான விதியோ, எண்கள் ஏறுமுகமாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே. 1, 2, 17 என்று ஒருமுறை கேட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். தாம் நினைத்தது பொய்யாகக்கூடிய கேள்வியை அவர்கள் கேட்கத் துணிவதில்லை.

இதற்கு மருந்து கடினமானதன்று. டார்வின், தம் கொள்கைக்கு மாறான செய்தி எதிர்ப்பட்டால் உடனே குறித்து வைத்துக் கொள்வாராம். அத்தகைய செய்திகளே விரைவில் மறந்து போகின்றன என்று அவர் கண்டிருந்தார். நாமும் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொள்வோம். பங்கு வாங்குமுன், "எது நடந்தால் என் எண்ணம் தவறு?" என்பதைத் தேதியிட்டு எழுதுவோம். அது நடந்தபின் புதிய சமாதானம் தேடலாகாது. வீட்டில் மனைவியோ மகனோ எதிர்க்கட்சி வக்கீலாக வாதாடட்டும். மகனின் சம்பளம் கம்ப்யூட்டர் தொழிலிலிருந்து வருமானால், வீட்டுச் சேமிப்பு முழுவதையும் அதே தொழிலில் போடலாமா? தொழில் தளர்ந்தால் இரண்டும் ஒருங்கே தளருமல்லவா?

திரும்புமுன் பிள்ளைகளுக்கு அச்சிற்பத்தின் பூனையைக் காட்டினேன். பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களை உயர்த்தி, அதுவும் தவம் செய்கிறது; அருகே எலிகள் அச்சமின்றி இருக்கின்றன. மகாபாரதத்தில் இத்தகைய பூனையின் கதை வருகிறது. அங்கே எலிகளைக் காப்பாற்றியது பூனையின் தவத்தைப் பற்றிய விவாதமன்று. பூனை கொழுக்கிறது, நம் தொகை குறைகிறது என்று அவை கவனித்தன, அவ்வளவுதான். தவத்தைப் பார்த்து மெய்ம்மறக்கும் நேரத்தில் நாமும் ஒருமுறை எலிகளை எண்ணிப் பார்ப்பது நலம்.