மைதானம் யாருக்கு?

சென்ற மாதம் ஒரு மாலை. நம் சங்கத்து இளைஞர்கள் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்தோம். வேலிக்கு வெளியே ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் கைகளை அசைத்தவண்ணம் பந்தையே பார்த்து நின்றான். அவனுக்கு ஆட்டிசம். "உள்ளே அழைக்கலாமா?" என்றேன். "ஆட்டம் கெட்டுவிடும்" என்றார் ஒரு நண்பர். நானும் வாய்மூடிவிட்டேன். அந்த வெட்கமே இக்கட்டுரை.

ஆட்டிசம் தொற்றுநோயன்று, பெற்றோரின் பிழையுமன்று. மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. சிலருக்குப் பேச்சு வராது. சிலருக்கு இரைச்சல் தாங்காது. எல்லோரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவரல்லர்.

5 முதல் 17 வயதுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் ஓடியாட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் கூறியபோது, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் சேர்த்தே கூறிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன் பட்டியலில் கொண்டு, அவர்கள் விளையாட்டில் பங்குபெற வழிசெய்யுமாறு அரசைப் பணிக்கிறது. ஏட்டில் உரிமை, மைதானத்திலோ வேலி!

இயலுமா என்று ஐயுறுவோர்க்கு ஒன்று சொல்வேன். ஆட்டிசமுள்ள மும்பைச் சிறுமி ஜியா ராய், 2022 மார்ச்சில், 13ஆம் வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குக் கடலை நீந்திக் கடந்தார். ஆயினும், சாதித்தால்தான் இடம் என்பதும் அநீதியே. நம்மிடம் எவர் பதக்கம் கேட்டார்?

நாம் அஞ்சல்தலை சேர்த்தால் பொழுதுபோக்கு. அச்சிறுவன் ரயில்களின் பெயரையும் நேரத்தையும் ஒப்பித்தால் மட்டும் குறையா? அந்த ஆசையே அவன் உள்ளத்தின் வாசல். அதை அடைத்துவிட்டு அவனோடு பேச வழி தேடுவது என்ன அறிவு?

"இது பயிற்சி பெற்றோர் செய்ய வேண்டிய வேலை" என்பர். சிகிச்சை அவர்கள் வேலை. தோழமை நம் வேலை. ஆட்டம் ஆட்டிசத்தை மாற்றும் மருந்தென்று நான் சொல்லவில்லை. மகிழ்ச்சிக்கு மருந்துச் சீட்டு எதற்கு?

ஆகவே சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குவோம். வாரந்தோறும் அதே இடம், அதே ஒழுங்கு. அடுத்து என்ன என்பதைப் படம் வரைந்து காட்டுவோம். விசில் வேண்டாம், போட்டி வேண்டாம். பெற்றோர் அருகில் இருக்கட்டும். வேடிக்கை மட்டும் பார்க்க விரும்பும் குழந்தை வேடிக்கையே பார்க்கட்டும். ஒரு நாள் விழா எடுத்து, புகைப்படம் பிடித்துக் கலைவதானால் தொடங்கவே வேண்டாம்.

நண்பர்களே, இந்த ஊர் மொழி தெரியாமல் நாம் வந்திறங்கிய நாட்களில் நம்மை முதலில் உள்ளே அழைத்தது எது? இந்த மைதானத்தில் யாரோ நம் பக்கம் உருட்டிவிட்ட பந்தல்லவா? இன்று பந்து நம் கையில் இருக்கிறது.