விவாகம் என்றால் என்ன?

திண்டுக்கல் மாவட்டம் நத்தம். மாம்பழத்துக்கும், மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவுக்கும் பேர் போன ஊர். அந்தப் பக்கத்து வீடுகளில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அப்பத்தாவின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தாலும் கிடைக்கும். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாள். தலைப்பில், "விவாக சுபமுகூர்த்தப் பத்திரிகை" என்று கொட்டை எழுத்து!

"விவாகம்னா என்ன, அப்பத்தா?" என்று பேத்தி கேட்பாள்.

"கல்யாணந்தான், தாயி."

"அப்படின்னா விவாகரத்து?"

அப்பத்தா என்ன சொல்வாள்? வேடிக்கைதான்! கல்யாணப் பந்தலை விட்டு அந்தச் சொல் போய்விட்டது. கோர்ட்டு வாசலில் மட்டும் நின்று கொண்டிருக்கிறது. சேரும்போது "திருமணம்", பிரியும்போது "விவாகரத்து". "மணவிலக்கு" என்ற தமிழ்ச் சொல் இருந்தும், பலர் வாயில் அது வருவதில்லை.

கொண்டு போவது

விவாகம் வடசொல். "அழைத்துக் கொண்டு போவது" என்பது அதன் வேர்ப் பொருள். பிறந்த வீட்டிலிருந்து பெண்ணைக் கணவன் வீட்டுக்குக் கொண்டு போவதைக் குறிக்கும். கல்யாணமும் வடசொல்தான். அதற்கு மங்கலம், நன்மை என்று பொருள்.

"மணம்" தமிழ்ச் சொல். மணத்தல் என்றால் கூடுதல், கலத்தல். நிலக்கோட்டை மல்லிகையின் வாசனைக்கும் அதே சொல்தான்! சங்க காலத்தில் "வதுவை" என்றும் சொன்னார்கள். அகநானூற்றின் 86-வது பாட்டில் அந்தச் சொல்லும் உண்டு. பந்தலும் உளுந்துச் சோறுமாக ஒரு கல்யாணமே உண்டு.

1916-ல் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். பிறகு மெல்ல மெல்ல, "விவாகப் பத்திரிகை" போய்த் "திருமண அழைப்பிதழ்" வந்தது.

கண்ணீர்க் கதை

விவாகம் என்ற சொல்லுக்குப் பின்னால் பெண்களின் கண்ணீரும் உண்டு.

பொம்மை வைத்து விளையாடும் வயதில் கழுத்தில் தாலி. அதற்குப் பெயர் "பால்ய விவாகம்". 1929-ல் வந்த சாரதா சட்டம், பெண்ணுக்கு 14 வயதாவது ஆக வேண்டும் என்றது. 1978-ல் அது 18 ஆயிற்று, ஆணுக்கு 21.

"விதவா விவாகம்" என்று பேசினாலே ஊர் சீறிய காலம் ஒன்று இருந்தது. "சுதேசமித்திரன்" ஜி. சுப்பிரமணிய ஐயர் அஞ்சவில்லை. 1889-ல், விதவையான தம் மகளுக்கு மறுமணம் செய்து வைத்தார். உற்றார் ஒதுக்கினார்கள். அவர் கலங்கவில்லை.

ஆகவே, பழைய சொல் என்று விவாகத்தை இகழ வேண்டாம். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நல்லவர்கள் போராடினார்கள்.

இருவரும் சொல்ல வேண்டும்

1967-ல் அண்ணா ஆட்சியில், இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. சீர்திருத்தத் திருமணங்கள் சட்டப்படி செல்லுபடியாயின. புரோகிதர் வேண்டியதில்லை. உற்றார், நண்பர் முன்னிலையில், புரிகிற மொழியில், "இவரைக் கணவராக ஏற்கிறேன்", "இவளை மனைவியாக ஏற்கிறேன்" என்று சொன்னாலே போதும். மாலை மாற்றிக்கொண்டாலும், மோதிரம் மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் செல்லும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெண்ணும் வாய் திறந்து பேசுகிறாள்! கொண்டு போகப்படும் பொருளாக அவள் நிற்கவில்லை.

ஆனால், நம் வீடுகளில் இன்னும் என்ன பேச்சு? "பெண்ணைத் தள்ளி விட்டோம், பாரம் இறங்கியது" என்கிறோம். பெண் என்ன, நெல் மூட்டையா? அழைப்பிதழில் தமிழ் வந்து விட்டது. மனத்தில் பழைய பொருள் அப்படியே இருந்தால் என்ன லாபம்?

"உன்னைக் கேட்டா கல்யாணம் பேசினாங்க, அப்பத்தா?" என்று அந்தப் பேத்தி கேட்டால், "எங்க காலத்துல யாரு கேட்டா?" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும்.

நாளை பேத்திக்கு வரன் வரும். அன்று அவளைக் கேளுங்கள். அவள் மனம் சம்மதித்தால்தான் அது திருமணம். இல்லாவிட்டால், பத்திரிகையில் எந்தச் சொல்லை அச்சடித்தாலும் அது வெறும் "கொண்டு போவது"தான்!