சுவரொட்டியில் இல்லாதவர்கள்

2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தது. ஆனால் யுத்த காலத்தில் மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் சுவர்கள் எமக்குப் பழக்கிய பார்வை இன்னும் மாறவில்லை என்றே நான் கருதுகின்றேன்.

சுவரொட்டி யாருடனும் வாதம் செய்வதில்லை. ஒரு முகம், ஒரு வசனம், அவ்வளவுதான். 1914இல் பிரித்தானியாவில் கிச்சனர் பிரபு விரலை நீட்டி இளைஞர்களைப் படைக்கு அழைத்தார். 1917இல் அமெரிக்கா அதே பாணியில் 'அங்கிள் சாம்' படத்தை வெளியிட்டது. யுத்தம் நியாயமானதா என்று அந்த விரல் கேட்கவில்லை. "நீ வருகிறாயா, இல்லையா?" என்று மட்டுமே கேட்டது. வர மறுப்பவன் கோழையாக்கப்பட்டான்.

விடுதலைப் புலிகள் நீட்டியது விரலை அல்ல. இறந்த போராளியின் படத்தையும் பெயரையும் ஊரையும் சுவரில் ஒட்டினார்கள். பார்ப்பவர் அந்த மரணத்துக்குக் கடன்பட்டவராகிறார். அதன்பின் ஒரு கேள்வி எழுப்பினாலும் அது இறந்தவரை அவமதிப்பதாகிவிடும்.

அரசாங்கமும் சளைக்கவில்லை. 2007 ஜூலையில் குடும்பிமலை கைப்பற்றப்பட்டபோது அது 'தொப்பிகல வெற்றி'யாகவே நாடெங்கும் கொண்டாடப்பட்டது. யுத்தத்துக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்று பெயர் சூட்டப்பட்டது. 2009இல் வெளியான 1000 ரூபாய் ஞாபகார்த்தத் தாளின் ஒரு பக்கத்தில் மஹிந்த ராஜபக்ஷ இருந்தார். மறுபக்கத்தில், 1945இன் புகழ்பெற்ற இவோ ஜிமா புகைப்படத்தை நினைவூட்டும் வகையில், படையினர் கொடியேற்றினர். சுவரில் இருந்த பிரசாரம் எல்லோருடைய சட்டைப் பைக்குள்ளும் வந்துவிட்டது.

இந்த இரு தரப்புப் படங்களிலும் நாம் எங்கே இருந்தோம்? 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடி மீரா ஜும்ஆ, ஹுஸைனிய்யா பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதாக்கப்பட்டனர். சில நாட்களில் ஏறாவூரும் இரத்தத்தில் நனைந்தது. புலிகள் பொறுப்பேற்க மறுத்தனர். வீரர்களை மட்டுமே காட்டும் சுவரில் அந்த ஜனாஸாக்களுக்கு இடம் இருக்கவில்லை. அரசுக்கோ அவர்கள் எதிரியின் கொடூரத்துக்கான ஆதாரமாக மட்டுமே தேவைப்பட்டனர். 'தமிழ் பேசும் மக்கள்' என்ற வார்த்தைக்குள் எம்மை அடக்கிக் கொண்டே, அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து எம்மவர்களை வெளியேற்றினார்கள்.

இவ்வளவும் அனுபவித்த நாம் எமது படங்களில் யாரை விட்டுவிடுகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். அதே 1990 ஆகஸ்டில் வீரமுனையிலும், செப்டம்பரில் சத்துருக்கொண்டானிலும் தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். வீரமுனையில் முஸ்லிம் ஊர்காவல் படையினர் மீதும் குற்றச்சாட்டு உண்டு. ஷுஹதாக்கள் தினத்தில் எமது கைபேசிகளில் பரவும் படங்கள் இதைச் சொல்வதில்லை. எமது ஷஹீத்களை நினைவுகூர்வது எமது உரிமை. அது தொடர வேண்டும். அவர்களின் பெயரால் இன்று பிறந்த தமிழ்ப் பிள்ளையைக் குற்றவாளியாக்குவது பிரசாரம்.

இதே முறைதான் எமக்கு எதிராகவும் திரும்பியது. 2018 பெப்ரவரியில் கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை கட்டி அம்பாறையில் பள்ளிவாசலைத் தாக்கினர். அது மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வுத் திணைக்களம் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. 2019 ஏப்ரலுக்குப் பின்னர் ஸஹ்ரான் என்ற ஒருவனின் முகம் காத்தான்குடி முழுவதற்கும் முகமாக்கப்பட்டது.

வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் எமக்குக் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்பதே அதற்கான காரணம். ஆகவே ஒரு படத்தைப் பகிர்வதற்கு முன்னர், அது உண்மையா என்று மட்டும் பார்த்தால் போதாது. அந்தப் படத்தில் யார் இல்லை என்பதையும் கேட்போம். இல்லாதவர்களாக நாம் பட்ட வலி எமக்குத் தெரியும்.